ஷார்லட்டின் பின்கட்டு அறை

போன ஐப்பசியில் பெரியம்மா வந்து ஒரு மாதம் எங்களோடு இருந்தார். மழை விட்டபாடில்லை. வீட்டில் கிடந்த வார இதழ்கள், பழைய தீபாவளி மலர்கள் எல்லாம் நாலே நாளில் தீர்ந்துபோக, அலமாரியைக் குடைந்து என் கல்லூரிக் காலத்துப் பிரதியை, ஜேன் ஆஸ்டின் எழுதிய 'பிரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்' நாவலை, எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டார். வங்கியில் 33 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கையில் பென்சில் இல்லாமல் பஞ்சாங்கத்தைக்கூடப் படிக்க மாட்டார். பாதி நாவல் தாண்டியிருப்பார், ஒரு நாள் சாயங்காலம் காப்பியை ஆற்றிக்கொண்டே, "இந்தக் கதையில கணக்குத் தெரிஞ்சவ ஒருத்திதான்டி" என்றார். கதாநாயகி எலிசபெத்தைச் சொல்கிறார் என்று நினைத்துத் தலையாட்டினேன். "அவ இல்ல. அந்த ஷார்லட்."

எனக்குச் சுருக்கென்றது. அதற்குக் காரணம் இருக்கிறது. அந்தப் பிரதியின் 22வது அத்தியாயத்தில், எலிசபெத்தின் தோழி ஷார்லட் லூகாஸ், அசட்டுப் பாதிரி காலின்ஸைக் கட்டிக்கொள்ளச் சம்மதிக்கும் இடத்தில், பத்தொன்பது வயது நான் சிவப்பு மையில் ஓரத்தில் "சீ" என்று எழுதி வைத்திருந்தேன். ஒரே எழுத்து, அடியில் இரண்டு கோடு. பரீட்சைத் தாளிலும் ஏறக்குறைய அதையேதான் ஒரு பக்கத்துக்கு நீட்டி எழுதினேன்: வீட்டுக்காகவும் சோற்றுக்காகவும் தன்னை விற்றுக்கொண்டவள், எலிசபெத்தின் சுயமரியாதை பளிச்சென்று தெரிவதற்காக ஆசிரியை பக்கத்தில் நிறுத்திவைத்த இருட்டு, இப்படி. நல்ல மதிப்பெண்ணும் வந்தது. இப்போது போய்ப் பார்த்தால் அந்த "சீ"க்குக் கீழே பெரியம்மாவின் பொடி எழுத்தில் பென்சில் குறிப்பு: "பெண் 27. பையன் 25."

அந்த இரண்டு எண்களும் பல நாள் என்னை விடவில்லை. காலின்ஸுக்கு இருபத்தைந்து வயதுதான் என்பது நாவலில் தெளிவாகவே இருக்கிறது. ஆனாலும் திரைப்படங்களிலும் நம் மனக்கண்ணிலும் அந்த ஆள் எப்போதும் நாற்பது வயது அசடாகத்தானே வருகிறான்? பெண்ணைவிட இரண்டு வயது இளையவன், கென்ட் பகுதியில் ஹன்ஸ்ஃபோர்டில் தேவாலய வேலையும் வீடும் உள்ளவன், எலிசபெத்தின் அப்பா பென்னட் கண்ணை மூடினால் அவருடைய லாங்போர்ன் பண்ணை மொத்தமும் வந்து சேரப்போகிறவன். ஒரு புத்தகத்தின் பாதி அர்த்தம் வயதிலும் தொகையிலும் இருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. 'முரண்சுவை' என்றுதான் சொல்லித்தந்தார்கள்.

நாற்பது பவுண்டு

கதை தெரிந்தவர்களுக்கு அதைத் திருப்பிச் சொல்லப் போவதில்லை. பெரியம்மா பின்னட்டையின் உள்பக்கத்தில் போட்டிருந்த கணக்கை மட்டும் சொல்கிறேன். பென்னட்டுக்கு வருஷ வருமானம் 2,000 பவுண்டு. ஆனால் பண்ணை ஆண் வாரிசுக்குத்தான் என்று எழுதிவைத்த சொத்து. ஐந்தும் பெண்ணாகப் பிறந்ததால் அவருக்குப் பிறகு தூரத்து உறவான காலின்ஸுக்குப் போய்விடும். மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என்று கல்யாண ஒப்பந்தத்தில் எழுதிய தொகை 5,000 பவுண்டு, அவ்வளவுதான். ஆளுக்கு ஆயிரம். ஷார்லட்டுக்கு முன்னால் எலிசபெத்தைத்தான் பெண் கேட்டான்; அவளிடம் மண்டியிடாத குறையாக நிற்கும்போது காலின்ஸே இதை விளக்குகிறான்: எனக்குப் பணம் ஒரு பொருட்டே இல்லை, உனக்கு என்றைக்கும் கிடைக்கக்கூடியது நாலு சதவீதக் கடன்பத்திரத்தில் இருக்கும் ஆயிரம் பவுண்டுதான், அதுவும் உன் அம்மா காலத்துக்குப் பிறகுதான் என்று எனக்குத் தெரியும், கல்யாணத்துக்கப்புறம் அதைப் பற்றி ஒரு வார்த்தை குத்திக்காட்ட மாட்டேன் என்கிறான். நாம் சிரிக்கிறோம். சிரிக்க வேண்டிய இடம்தான். ஆனால் அந்த முட்டாள் சொல்லும் எண்ணில் பிழை கிடையாது. ஆயிரத்துக்கு நாலு சதவீதம் என்றால் வருஷத்துக்கு நாற்பது பவுண்டு. பென்னட் நாளைக்கே இறந்தால் அம்மாவும் ஐந்து பெண்களும் அந்த 5,000இன் வட்டியில், அதாவது வருஷம் 200 பவுண்டில், வேறொரு வீடு பார்த்துக்கொண்டு போக வேண்டும். இரண்டாயிரம் இருநூறாகிவிடும். "பத்தில் ஒண்ணு" என்று எழுதி அதைச் சுற்றி வட்டம் போட்டிருந்தார் பெரியம்மா.

இது பென்னட் வீட்டுக் கணக்கு. ஷார்லட் வீட்டில் இன்னும் மோசம், அவளுக்கு வரக்கூடியது இவ்வளவு என்று ஒரு எண்கூட நாவலில் கிடையாது, பெண்ணுக்குப் பெரிதாக எதுவும் கொடுக்க முடியாது என்பதோடு சரி. அப்பா சர் வில்லியம் மெரிடனில் வியாபாரம் செய்து ஓரளவு சேர்த்தவர். மேயராக இருந்தபோது அரசருக்கு ஒரு வரவேற்புரை வாசித்ததில் பட்டம் கிடைத்தது. பட்டம் வந்ததும் கடை அசிங்கமாகிவிட்டது. வியாபாரத்தை விட்டுவிட்டு ஊருக்கு ஒரு மைல் தள்ளி வீடு வாங்கி, அதற்கு 'லூகாஸ் லாட்ஜ்' என்று பெயரும் வைத்து, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அரண்மனைக்குப் போன கதையைச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பெண்ணின் சீர் அந்த 'சர்'ரில் கரைந்துபோனது. நாவல் இதை விளையாட்டாகச் சொல்லிவிட்டுப் போகிறது, நானும் விளையாட்டாகவே படித்திருக்கிறேன்.

அப்புறம் அந்தச் சம்மதம் நடந்த அன்று லூகாஸ் வீட்டில் எழும் சந்தோஷத்தைப் படித்துப் பாருங்கள். அம்மா, பென்னட் இன்னும் எத்தனை வருஷம் இருப்பார் என்று மனசுக்குள் எண்ண ஆரம்பிக்கிறாள். தங்கைகளுக்கு, ஒன்றிரண்டு வருஷம் முன்னதாகவே கல்யாண வயதுப் பெண்களாக விருந்து, நடனம் என்று வெளியே வந்துவிடலாம் என்று நம்பிக்கை. தம்பிகளுக்கோ அக்கா முதிர்கன்னியாகவே செத்துப்போவாளோ என்ற பயம் விட்டது. சின்னப் பையன்களுக்கு எதற்கு அந்தப் பயம்? அப்பாவுக்குப் பிறகு அக்காவுக்குச் சோறு போட வேண்டியவர்கள் அவர்கள்தானே. ஒரு வீடே மூச்சு விடுகிறது. இருபத்தேழு வருஷமாக அந்த மூச்சு அவள் கழுத்தில்தான் பட்டுக்கொண்டிருந்திருக்கும் என்று பத்தொன்பது வயதில் எனக்குத் தோன்றவே இல்லை.

ஒருவரை மட்டும் மன்னித்தேன்

ஷார்லட் மேல் இருந்த கோபம் குறைந்ததும் அது வேறு இடம் தேடி அலைந்தது. முதலில் எலிசபெத்தின் மேல் வந்தது, ஏனென்றால் அவள் ஷார்லட்டைப் பழித்த வாய் மூடுவதற்குள் விக்கம் பத்தாயிரம் பவுண்டு வைத்திருக்கும் மிஸ் கிங் பின்னால் போகிறான், அதற்கு மட்டும், அழகான இளைஞர்களும் சாப்பிட்டுப் பிழைக்க வேண்டாமா என்று மாமிக்குக் கடிதம் எழுதுகிறாள். ஷார்லட் விஷயத்தில் இருந்த தெளிவு அவளுக்கு இவன் விஷயத்தில் இல்லை என்று ஆஸ்டினே போகிற போக்கில் ஒரு குட்டு வைத்துவிடுகிறார். தோழிக்கு ஒரு தராசு, தனக்குப் பிடித்த பையனுக்கு வேறு தராசு. ஆனாலும் எலிசபெத்தின் மேல் ரொம்ப நேரம் கோபமாக இருக்க யாராலும் முடியாது. பிறகு கர்னல் ஃபிட்ஸ்வில்லியமிடம், பிரபுவின் இளைய மகனுக்கு இப்போது சந்தை விலை என்ன, அண்ணன் ரொம்ப நோயாளியாக இல்லாவிட்டால் ஐம்பதாயிரத்துக்கு மேல் கேட்க மாட்டீர்கள்தானே என்று கேட்கிறாள் பாருங்கள், அந்தக் கேலி செய்யும்போது அவளுக்கும் எல்லாம் தெரிந்துதான் இருக்கிறது.

கோபம் கடைசியில் போய் உட்கார்ந்த இடம் பென்னட். இதைச் சொல்லவே எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. இங்கிலீஷ் நாவல்களில் எனக்கு மிகப் பிடித்த அப்பா அவர். காலின்ஸைக் கட்டிக்கொள்ளாவிட்டால் அம்மா உன் முகத்தில் விழிக்க மாட்டாள், கட்டிக்கொண்டால் நான் விழிக்க மாட்டேன் என்று எலிசபெத்திடம் சொல்லும் இடத்தைத் தோழிகளுக்கெல்லாம் வாசித்துக் காட்டியிருக்கிறேன். இப்போது அந்த வசனத்தைப் படித்தால், 'சரிதான் ஐயா, அப்புறம் இவள் எங்கே இருப்பாள்?' என்று கேட்கத் தோன்றுகிறது. பெரியம்மா 50வது அத்தியாயத்தில் ஒரு முழுப் பக்கத்துக்கு ஓரக்கோடு இழுத்திருந்தார். கடைசி மகள் லிடியா அந்த விக்கமோடு ஓடிப்போய், அவனுக்குக் காசு கொடுத்துக் கல்யாணம் செய்துவைக்க வேண்டிய நிலை வந்த பிறகு, வருஷா வருஷம் கொஞ்சம் எடுத்து வைத்திருக்கலாமே என்று பென்னட் முதல்முறையாக வருத்தப்படும் இடம். ஏன் வைக்கவில்லை? கல்யாணமான புதிதில் சிக்கனம் தேவையே இல்லை என்று நினைத்தார்களாம், எப்படியும் பையன் பிறப்பான், அவன் வயதுக்கு வந்ததும் அப்பாவும் மகனுமாகச் சேர்ந்து அந்தப் பத்திரத்தை முறித்துவிடலாம், மனைவிக்கும் மற்ற பிள்ளைகளுக்கும் வழி பிறந்துவிடும். ஐந்து பெண்கள் வரிசையாகப் பிறந்தார்கள், பையன் மட்டும் வரவே இல்லை. லிடியா பிறந்து பல வருஷம் ஆன பிறகும் அம்மாவுக்கு நம்பிக்கை போகவில்லை. கடைசியில் நம்பிக்கை போனபோது, இனிமேல் சேமிக்க நேரமில்லை என்று விட்டுவிட்டார்கள்.

"வருஷம் இருநூறு எடுத்து வச்சிருந்தா?" என்று கேட்டார் பெரியம்மா. நாலு சதவீதத்தில், இருபது வருஷத்துக்கு, கூட்டு வட்டி போட்டால் ஆறாயிரம் பவுண்டுக்குப் பக்கத்தில் வருகிறது. இருந்த ஐயாயிரத்தோடு சேர்த்தால் பெண்களின் பங்கு இரண்டு மடங்குக்கு மேல். வருமானத்தில் பத்தில் ஒன்று, அவ்வளவுதான் கேட்கிறது கணக்கு. "ஒரு ஆர்.டி. போடத் துப்பில்ல, புத்தகம் படிக்கிறாராம் புத்தகம்" என்று கோபமாகச் சொல்லிவிட்டுக் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. அன்று ராத்திரிதான் சிரிப்பு நின்றது. அதே அத்தியாயத்தில் இன்னொரு எண் இருக்கிறது: லிடியாவுக்கு இனி வருஷம் நூறு பவுண்டு தருவதாக ஒப்புக்கொண்டதில் பென்னட்டுக்கு அதிகச் செலவு பத்து பவுண்டுகூட வராதாம், அவளுடைய சாப்பாடு, கைச்செலவு, அம்மா வழியாகப் போகும் ரொக்கம் என்று இப்போதே கிட்டத்தட்ட அவ்வளவு ஆகிக்கொண்டிருந்ததாம். அதாவது கடைக்குட்டிக்கு வருஷம் ஏறக்குறைய தொண்ணூறு பவுண்டு செலவழித்த வீட்டில், அப்பாவும் அம்மாவும் போன பிறகு ஒவ்வொரு பெண்ணுக்கும் மிஞ்சப்போவது நாற்பது. இது தெரிந்து பதறித் துடிக்கும் ஒரே ஆள் மிஸஸ் பென்னட். அவளுக்கு அந்தப் பத்திரத்தின் சட்டம் எத்தனை தடவை சொன்னாலும் விளங்காது என்று நாவல் கேலி செய்கிறது. அவள் பதற்றத்தில் பாதியைத்தான் கேலி செய்ய முடியும் என்று இப்போது நினைக்கிறேன். மிச்சப் பாதி நியாயம்.

இரண்டு அறைகள்

ஷார்லட் நிச்சயமான செய்தியைக் கேட்டு பென்னட் என்ன சொன்னார் என்பதை நான் மறந்தே போயிருந்தேன். கொஞ்சம் புத்தி உள்ளவள் என்று நினைத்திருந்த ஷார்லட், தன் மனைவி அளவுக்கு முட்டாள், தன் மகளைவிடப் பெரிய முட்டாள் என்று தெரிந்ததில் தனக்கு ரொம்பத் திருப்தி என்கிறார். அதைச் சொல்கிற மனுஷன் யார்? அழகையும் இளமையையும் பார்த்து மயங்கிக் கட்டிக்கொண்டு, அறிவு இல்லை என்று தெரிந்ததும் மனைவி மேல் இருந்த மரியாதையை மொத்தமாக இழந்து, 23 வருஷமாகப் புத்தக அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பவர். வீட்டில் எங்கே போனாலும் அசட்டுத்தனத்தையும் அகம்பாவத்தையும் சந்தித்தாக வேண்டும், இந்த அறையில் மட்டும் நிம்மதி என்பது அவர் வாழ்க்கை ஏற்பாடு. அந்த அறையை நாம் எல்லோருமே விரும்புகிறோம். எனக்கு அப்படி ஒரு அறை கிடைக்காதா என்று ஏங்கியிருக்கிறேன்.

சரி, இப்போது 30வது அத்தியாயத்துக்கு வாருங்கள். எலிசபெத் ஹன்ஸ்ஃபோர்டில் ஷார்லட்டின் வீட்டில் தங்கியிருக்கிறாள். பெண்கள் உட்காரும் அறை வீட்டின் பின்பக்கம் இருக்கிறது. முன்னால் இருக்கும் சாப்பாட்டு அறை இதைவிடப் பெரியது, வெளிச்சமும் காட்சியும் நன்றாக இருக்கும், அதை விட்டுவிட்டு இதில் ஏன் உட்கார்கிறாள் என்று எலிசபெத்துக்கு முதலில் ஆச்சரியம். பிறகு புரிகிறது. காலின்ஸின் அறை சாலையைப் பார்த்தது. அவனுக்கு வேலை கொடுத்த சீமாட்டியின் ரோசிங்ஸ் மாளிகையிலிருந்து எந்த வண்டி எப்போது போகிறது என்று பார்த்து ஓடிவந்து சொல்வது அவன் தொழில். மனைவி உட்காரும் அறையும் அதே மாதிரி கலகலப்பாக இருந்தால் அவன் இங்கேயே பழியாகக் கிடப்பான். அதனால்தான் பின்கட்டு. தோட்ட வேலை உடம்புக்கு எவ்வளவு நல்லது என்று முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல் சொல்லி அவனைத் தோட்டத்துக்கு அனுப்புகிறவளும் அவள்தான். அவன் எதையாவது உளறும்போது அவள் காதில் அது விழுவதே இல்லை.

இதைப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. பென்னட்டின் அறைக்கும் ஷார்லட்டின் அறைக்கும் என்ன வித்தியாசம்? இரண்டும் ஒவ்வாத துணையிடமிருந்து தப்பிக்கக் கட்டிய கூடு. அவர் கூட்டைப் பார்த்து ரசித்துச் சிரித்தேன், அவள் கூட்டைப் பார்த்து "ஐயோ பாவம்" என்றேன், பத்தொன்பது வயதில் "சீ" என்றேன். அவருக்கு நல்ல அறை, கதவுக்குத் தாழ்ப்பாள், கூப்பிடாமல் யாரும் வரக்கூடாது என்று சொல்லும் உரிமை. அவளுக்கு அந்த உரிமை இல்லாததால் வீட்டிலேயே மட்டமான அறையைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது, வெளிச்சத்தை விட்டுக்கொடுத்தால்தான் தனிமை கிடைக்கும். அப்புறம் இன்னொன்று, அவர் கண்ணை மூடிக்கொண்டு கட்டிக்கொண்டவர், அதற்கு விலை கொடுக்கப்போவது மனைவியும் பெண்களும். அவள் கண்ணைத் திறந்துகொண்டு கட்டிக்கொண்டாள், விலையைத் தானே கொடுக்கிறாள், வேறு யார் தலையிலும் கட்டவில்லை. இதில் முட்டாள் யார்?

மறுநாள் காலையில் பெரியம்மாவிடம் இதை ஏதோ கண்டுபிடித்துவிட்ட மாதிரி சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார். ஆனால் எனக்குள் இருந்த பத்தொன்பது வயதுக்காரி இன்னும் சாகவில்லை போலிருக்கிறது, உடனே நானே எதிர்வாதமும் செய்தேன்: "எல்லாம் சரி பெரியம்மா, பகல்ல அவனைத் தோட்டத்துக்கு அனுப்பிடலாம். ராத்திரி?" கொஞ்ச நேரம் பதில் வரவில்லை. "ஆமா," என்றார் பிறகு. "அது கணக்குல வராது." அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை. நாவலும் பேசுவதில்லை, காலின்ஸ் கடைசியில் ஒரு கடிதத்தில் தனக்கு வாரிசு வரப்போவதாகக் குறிப்பாகச் சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறது.

ஆஸ்டின் இதை எழுதியது வெறும் கற்பனையில் இல்லை. 1802 டிசம்பர் 2 அன்று, மேனிடௌன் என்ற வீட்டில் தோழிகளோடு தங்கியிருந்தபோது, தோழிகளின் தம்பி ஹாரிஸ் பிக்-விதர் அவரைக் கட்டிக்கொள்ளக் கேட்டான். அவனுக்கு 21 வயது, அந்தப் பெரிய பண்ணைக்கு வாரிசு. ஆஸ்டினுக்கு 27 முடிய இரண்டே வாரம். சரி என்று சொன்னார். ராத்திரி முழுக்க என்ன யோசித்தாரோ, காலையில் எழுந்து முடியாது என்று சொல்லிவிட்டு அக்கா கஸாண்ட்ராவோடு அந்த வீட்டை விட்டே கிளம்பிவிட்டார். சரி என்று சொன்னால் அம்மாவுக்கும் அக்காவுக்கும் காலம் முழுக்க நிழல் கிடைத்திருக்கும். சொல்லாததன் விலை சீக்கிரமே தெரிந்தது: 1805 ஜனவரியில் அப்பா இறந்ததும், மூன்று பெண்களும் அண்ணன் தம்பிகள் ஆண்டுக்கு இவ்வளவு என்று போட்ட பணத்தில், பாத், சவுத்ஹாம்ப்டன் என்று மாறி மாறி இருந்து, பணக்கார உறவினர்களுக்குத் தத்துப்போன அண்ணன் எட்வர்ட் 1809இல் சாட்டனில் ஒரு வீட்டை ஒதுக்கிக் கொடுத்த பிறகுதான் நிலையாக உட்கார முடிந்தது. அங்கே இருந்தபோதுதான் 1813இல் இந்த நாவல் அச்சேறியது. 150 பவுண்டு எதிர்பார்த்து, 110க்கு உரிமையைக் கொடுத்துவிட்டார். அண்ணன் மகள் ஃபேனிக்கு எழுதிய இரண்டு கடிதங்களை அடுத்தடுத்து வைத்துப் படிக்க வேண்டும். 1814இல், பிரியம் இல்லாமல் கட்டிக்கொள்வதைவிட வேறு எதையும் பொறுத்துக்கொள்ளலாம் என்கிறார். 1817இல், இறப்பதற்குச் சில மாதங்கள் முன்பு, தனியாக இருக்கும் பெண்கள் ஏழையாகிவிடும் பயங்கரமான வழக்கம் உள்ளவர்கள், கல்யாணத்துக்குச் சாதகமான பலமான ஒரு வாதம் அது என்கிறார். எலிசபெத்துக்கும் ஷார்லட்டுக்கும் நடுவில் எந்தப் பக்கம் சாய்வது என்று நான் தவித்தது போக, இருவரையும் எழுதியவரே இரண்டு பக்கமும் நின்றுதான் பேசியிருக்கிறார். மேனிடௌனில் அந்த ராத்திரி 'சரி' என்று சொன்னவளுக்கு அவர் கொடுத்த வயதுதான் ஷார்லட்டின் 27 என்று நான் நம்புகிறேன். நிரூபிக்கச் சொல்லாதீர்கள்.

பெரியம்மா கார்த்திகைக்கு முன்னால் ஊருக்குப் போய்விட்டார், கடைசி நூறு பக்கத்தைப் படித்து முடிக்கப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு. பத்து நாள் கழித்து ராத்திரி ஒன்பது மணிக்கு போன் வந்தது. கதாநாயகன் டார்ஸி பற்றி ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"ஏன்டி, அந்த ஷார்லட்டுக்கு என்ன குழந்தை?"

"அதெல்லாம் சொல்லலையே பெரியம்மா. வயித்துல இருக்கிறதோட சரி."

"பையனா இருந்தா பரவால்ல. பொண்ணாப் பொறந்தா? அந்தப் பண்ணை மறுபடி எவனுக்கோ போகுமா போகாதா?"

தெரியவில்லை என்றேன். மறுமுனையில் பென்சில் சீவும் சத்தம் கேட்டது.